மழைச் சாலையும் உள்ளங்கையளவு ரப்பரும்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. நான்கு கால்களை ஊன்றி நடக்கும் யானைக்கே அந்த நிலை என்றால், இரண்டு சக்கரங்களில் ஓடும் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது சாலையைத் தொடுவது இரண்டே இடங்களில்தான். அந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையின் அளவுதான் இருக்கும். ஓட்டுபவரும் பின்னால் அமர்ந்திருப்பவரும் வண்டியின் பாரமும் சேர்ந்து அந்த இரண்டு உள்ளங்கையளவு ரப்பரை நம்பித்தான் சாலையில் செல்கின்றன.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். மாலை நான்கு மணிக்கு இடியுடன் மழை கொட்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாட்கள் மழை பெய்கிறது. ஆக, இங்கே மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு வெயில் காலம், மழைக் காலம் என்ற பாகுபாடு கிடையாது. காய்ந்த சாலையும் நனைந்த சாலையும் ஒரே நாளில், சில வேளைகளில் ஒரே பயணத்திலேயே வந்துவிடுகின்றன.

மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இந்த மரணங்களுக்குக் காரணங்கள் பல. எல்லாப் பழியையும் டயர் மீது போட்டுவிட முடியாது. ஆனால் சாலையின் தரமோ எதிரே வரும் லாரியோ ஓட்டுபவரின் கையில் இல்லை. டயர் மட்டும் அவர் காசு கொடுத்துத் தாமே தேர்ந்தெடுக்கும் பொருள்.

அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது? பட்டறைக்குச் சென்றதும் கேட்கப்படும் முதல் கேள்வி, “எது மலிவு?” இரண்டாவது கேள்வி, “எது நீண்ட நாள் உழைக்கும்?” மழையில் எது சாலையைப் பிடிக்கும் என்ற மூன்றாவது கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. அந்த மூன்றாவது கேள்விக்கு விடை காண உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றில் மலாயாத் தோட்டத் தமிழர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி.

இரும்புப் பட்டையிலிருந்து காற்றுக்கு

1885-ஆம் ஆண்டு ஜெர்மனியில் காட்லிப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் பெட்ரோல் இயந்திரம் பொருத்திய இரு சக்கர வண்டி ஒன்றை உருவாக்கினர். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். அதற்கு ரப்பர் டயரே கிடையாது. மாட்டு வண்டிக்கு இருப்பதைப் போல மரச் சக்கரமும் அதைச் சுற்றி இரும்புப் பட்டையும்தான் இருந்தன. சாலையின் ஒவ்வொரு குழியும் ஓட்டியவரின் முதுகெலும்பில் இடித்திருக்கும்.

காற்றடைத்த டயரைப் பற்றிய எண்ணம் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் குதிரை வண்டிகளுக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த முயற்சி வணிகத்தில் எடுபடவில்லை. காலப்போக்கில் உலகம் அதை மறந்தே போனது.

பிறகு 1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கொடுத்தார். மறு ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தாம்சன் ஏற்கெனவே அதைக் கண்டுபிடித்திருந்தார் என்று தெரியவந்ததும் அந்த உரிமை செல்லாமல் போயிற்று. ஆனால் டன்லப் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1894-இல் மியூனிக் நகரின் ஹில்டெபிராண்ட், வொல்ஃப்முல்லர் நிறுவனம் விற்பனைக்கென்று மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தபோது அவை காற்றடைத்த டயர்களோடு வெளிவந்தன.

குலுக்கல் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது. ஆனால் டயரைச் செய்ய ரப்பர் வேண்டுமே! அது எங்கிருந்து வரும்?

பால்மரக் காடுகள்

அந்தக் காலத்தில் ரப்பர் பெரும்பாலும் பிரேசில் நாட்டின் அமேசான் காடுகளிலிருந்து வந்தது. 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒரு சிறு பகுதிதான் முளைத்தது. மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன.

கன்றுகள் வளர்ந்தாலும் அவற்றைப் பயிரிட ஆள் இல்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். தோட்ட முதலாளிகளைச் சந்திக்கும்போதெல்லாம் விதைகளைக் கொடுத்து ரப்பர் நடச் சொன்னதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே கேலி செய்தார்களாம். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகப் பெருக, மலாயாவின் காடுகள் பால்மரக் காடுகளாக மாறின. டன்லப் நிறுவனமே மலாயாவில் சொந்தத் தோட்டங்களை வாங்கியது.

அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் யார்? சஞ்சிக்கூலிகளாகவும் பின்னர்க் கங்காணி முறையிலும் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களே பெரும்பகுதியினர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியால் பட்டையைச் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துத் தோளில் சுமந்தார்கள். அந்தப் பால் ரப்பர்த் தகடாகிக் கப்பலேறி டயராக உருமாறியது. டயர் செய்யும் ரப்பரைக் கொடுத்தவர்களில் பலர் தம் வாழ்நாளில் சொந்தமாக ஒரு வண்டி வாங்கியதில்லை.

ஆனால் அந்த ரப்பர் மட்டும் போதவில்லை. தொடக்க காலத்து டயர்கள் வெளிர் நிறத்தில் இருந்தன, விரைவில் தேய்ந்தன. 1904-இல் லண்டனின் சில்வர்டவுன் தொழிற்சாலையில், கரிப்பொடியைக் கலந்தால் ரப்பர் பன்மடங்கு உறுதி பெறும் என்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்று எல்லா டயர்களும் கறுப்பாக இருப்பதன் தொடக்கம் அதுதான். இரண்டாவது கேள்வியான “எது நீண்ட நாள் உழைக்கும்?” என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. மழைக்கு மட்டும் விடை இல்லை.

போர் தந்த திருப்பம்

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதோடு நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 விழுக்காடு நின்றுபோனது. மலாயாத் தோட்டங்களில் ரப்பரை வாங்க ஆளில்லை. வேலையிழந்து நின்ற தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே மடிந்தனர்.

அதே நேரத்தில் கடலுக்கு அப்பால் அமெரிக்கா வேறொரு வழியைத் தேடியது. ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1929-ஆம் ஆண்டிலேயே எண்ணெய், நிலக்கரி போன்றவற்றிலிருந்து செயற்கை ரப்பரைச் செய்யக் கற்றிருந்தனர். அதே வகை ரப்பரைப் போர்க்காலத்தில் அமெரிக்கா பெரும் அளவில் தயாரித்தது. 1945-இல் அதன் உற்பத்தி ஆண்டுக்கு 7 லட்சம் டன்னைத் தாண்டியது. இயற்கை ரப்பர் கிடைக்காததற்கு மாற்றாக வந்த இந்தச் சரக்கு, எதிர்பாராத ஒரு குணத்தைக் கொண்டிருந்தது. ஈரச் சாலையை அது இயற்கை ரப்பரைவிட நன்றாகப் பிடித்தது.

இதற்கு என்ன காரணம்? ஓர் எளிய உவமையால் விளக்கலாம். இயற்கை ரப்பரால் செய்த பந்தைத் தரையில் போட்டால் துள்ளி எழும். தான் வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும் குணம் அதற்கு. அதனால் அது அதிகம் சூடேறுவதில்லை. லாரிகளின் டயர்களிலும் விமானங்களின் டயர்களிலும் இன்றும் இயற்கை ரப்பர் கோலோச்சுவது அதனால்தான். ஆனால் வேறு சில ரப்பர்களால் செய்த பந்தைப் போட்டால் சோம்பலாக எழும். வாங்கிய சக்தியில் ஒரு பகுதியை அது தன்னுள்ளேயே விழுங்கிவிடுகிறது.

காய்ந்த சாலையில் ரப்பர் தாரோடு ஒட்டிக்கொண்டு பிடிக்கிறது. மழை பெய்ததும் இடையில் நீர்ப்படலம் வந்துவிடுவதால் அந்த ஒட்டுதல் வெகுவாகக் குறைகிறது. அப்போது மிஞ்சியிருப்பது ஒரே பிடிதான். சாலையில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு கற்கள் ரப்பருக்குள் அழுந்துகின்றன. துள்ளும் ரப்பர் உடனே பழைய நிலைக்குத் திரும்பிக் கல்லை நழுவ விட்டுவிடும். சோம்பலான ரப்பர் மெல்லத் திரும்புவதால் கல்லின் மேல் சாய்ந்து நின்று வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரீன்வுட்டும் டேபரும் 1958-இல் சோதனைகள் மூலம் இதை நிறுவினார்கள். இதன் பிறகு, மழையில் பிடிக்கும் கலவை எது என்று ஊகத்தால் அல்லாமல் கணக்கால் தேட முடிந்தது.

தீவில் நடந்த சோதனை

ரப்பரின் இரகசியம் வெளிப்பட்ட அதே 1958-ஆம் ஆண்டில்தான் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. 17 அங்குலச் சக்கரம் கொண்ட அந்தச் சிறிய வண்டியின் வழிவந்தவையே இன்று மலேசியாவில் கப்சாய் என்று எல்லாரும் அழைக்கும் வண்டிகள். நடந்தும் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்த எளிய மக்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது அதுதான். அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. ரப்பரைக் கொடுத்த குடும்பங்கள் முதன்முதலாக டயரை வாங்கும் குடும்பங்களாக மாறின.

பெரிய வண்டிகளின் டயர்கள் சோதிக்கப்பட்ட இடம் ஐல் ஆஃப் மேன் தீவு. அங்குள்ள பந்தயச் சாலை சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஒரு மூலையில் வெயில் அடிக்கும்போதே மறுமூலையில் மூடுபனியும் ஈரமும் இருக்கும். 1969-இல் மால்கம் அப்ஹில் என்ற வீரர், கடையில் விற்கும் வகையான டிரயம்ப் வண்டியில் அந்தச் சுற்றை மணிக்குச் சராசரி 100 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் கடந்தார். அவர் பயன்படுத்தியது டன்லப் கே81 டயர். அந்தச் சாதனையால் அதற்கு டிடி100 என்றே பெயர் வந்தது. பந்தயத்துக்குத் தகுந்த பிடி, சாதாரண ஓட்டுநர் வாங்கக்கூடிய டயரிலேயே கிடைக்கும் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

நீரை விரட்டும் பள்ளங்கள்

கலவை மட்டும் போதுமா? போதாது. நீர் அதிகமாகத் தேங்கினால், சக்கரம் அதைத் தள்ள நேரமின்றித் தண்ணீரின் மேலேயே மிதக்கத் தொடங்கிவிடும். விமானங்கள் ஈரமான ஓடுபாதையில் நிற்காமல் வழுக்கிச் சென்றதை ஆராய்ந்த நாசா ஆய்வாளர் வால்டர் ஹார்னும் அவருடைய சகாவும் 1963-இல் இதற்கு ஒரு கணக்கை வெளியிட்டனர். டயரில் காற்றழுத்தம் குறையக் குறைய, அது மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது என்பதே அதன் சாரம். அந்தக் கணக்கின்படி 36 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 25 பவுண்டு மட்டுமே இருந்தால் சுமார் 83 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும்.

இது விமானச் சக்கரத்துக்கான கணக்கு. மோட்டார் சைக்கிள் டயர் வட்டமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் படகின் முனையைப் போல நீரைக் கிழித்துச் செல்கிறது. அது ஒரு நல்வாய்ப்பு. ஆயினும் பாடம் ஒன்றே. டயரின் மேல் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் நீருக்கு வழிவிடும் வடிகால்கள். மலாய்மொழியில் இவற்றைப் பூ என்றே சொல்வார்கள். பூ தேய்ந்து மொட்டையான டயர் காய்ந்த சாலையில் ஓரளவு ஓடலாம். ஆனால் அந்த அனுபவத்தை நம்பி மழையில் இறங்குவது வடிகாலை அடைத்துவிட்டு வெள்ளம் வராது என்று நம்புவதற்குச் சமம்.

மணலும் மீண்டும் நம் மரமும்

1990-களின் தொடக்கத்தில் மிச்சலின் நிறுவனம் கார் டயர்களில் கரிப்பொடியின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலந்தது. மணலில் இருக்கும் அதே பொருள்தான் சிலிக்கா. ஈரப் பிடி கூடினால் எரிபொருள் செலவும் கூடும் என்ற பழைய முடிச்சை அது அவிழ்த்தது. மெல்ல அது மோட்டார் சைக்கிள் டயர்களுக்கும் வந்தது. பிறகு, நடுவில் நீண்ட நாள் உழைக்கும் கெட்டியான ரப்பரும் வளைவில் சாயும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் கொண்ட இரட்டைக் கலவை டயர்கள் வந்தன. 2011-இல் அதே நிறுவனத்தின் பைலட் ரோட் 3 டயரில், நீர்ப்படலத்தை உடைக்க மெல்லிய கீறல்கள் வெட்டப்பட்டன.

இந்த வரலாற்றில் மலேசியாவுக்கு இன்னொரு பங்கும் உண்டு. மலேசியாவின் ரப்பர் ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தின் பிரிக்கெண்டன்பரியில் நடத்தப்பட்ட ஆய்வுக்கூடத்தில், 1980-களில் இயற்கை ரப்பரின் மூலக்கூறையே சற்று மாற்றி அமைத்தார்கள். எபோக்சி ஏற்றப்பட்ட அந்த இயற்கை ரப்பர் துள்ளலை இழந்து ஈரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. சிலிக்காவோடும் எளிதில் இணைந்தது. 2008-இல் ஜப்பானின் சுமித்தோமோ நிறுவனம் இத்தகைய ரப்பரைக் கொண்டு, எண்ணெயிலிருந்து வராத பொருள்கள் 97 விழுக்காடு கொண்ட கார் டயரை வெளியிட்டது. மழைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பால்மரம், மழைக்கென்றே திரும்பி வந்தது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

இந்த நூறாண்டு அறிவு பட்டறையில் ஒருவருக்கு எப்படிப் பயன்படும்?

முதலாவது, கலவை. மிகக் கெட்டியான மலிவு டயர் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும். ஆனால் மழையில் பிடி குறைவு. பந்தயத்துக்கான மிக மென்மையான டயர் சூடேறினால்தான் பிடிக்கும். மழை அந்தச் சூட்டைத் தணித்துவிடும். அன்றாடம் வேலைக்குச் சென்று வருபவர், ஈரச் சாலைக்கும் ஏற்றதென்று தயாரிப்பாளரே குறிப்பிடும் நடுத்தரக் கலவையைக் கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டாவது, அளவு. டயரின் பக்கவாட்டில் 70/90-17 38P என்று எழுதியிருந்தால், அகலம் 70 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 விழுக்காடு, சக்கரம் 17 அங்குலம் என்று பொருள். 38 என்பது அந்த டயர் 132 கிலோ பாரம் தாங்கும் என்பதையும், P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். அழகுக்காக இளைஞர்கள் மாட்டும் ஒல்லி டயர்களில் சாலையைத் தொடும் ரப்பரும் குறைவு, தாங்கும் பாரமும் குறைவு.

மூன்றாவது, வயது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாவிட்டாலும் ரப்பர் வயதாக ஆக இறுகும். இறுகிய ரப்பர் கல்லைத் தழுவாது.

நான்காவது, காற்று. வண்டியின் கையேட்டில் உள்ள அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. இதற்குச் செலவே இல்லை.

ஐந்தாவது, பொறுமை. புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்காவது நிதானம் தேவை. அதுபோலவே மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து சாலை மிகவும் வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் அப்போது எந்த டயருக்கும் அடங்குவதில்லை.

இன்று விடியற்காலையில் ஜொகூர் கடற்பாலத்தில் வேலைக்காக அணிவகுத்து நிற்கும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிளோட்டிகளில், பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாத்தா விடியுமுன் எழுந்ததும் ரப்பருக்காக. பேரன் விடியுமுன் கிளம்பி நம்பிச் செல்வதும் ரப்பரைத்தான். வீட்டில் ஒருவர் அவன் திரும்பி வருவதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். அடுத்த முறை பட்டறையில் “எது மலிவு?” என்று கேட்பதற்கு முன், “மழையில் எது பிடிக்கும்?” என்று ஒரு வார்த்தை கேட்டால், அதுவே அந்தக் காத்திருப்புக்குச் செய்யும் மரியாதை.